துளசித் தொட்டியில் ஒரு பெண்வழிக் குடி

பெங்களூரு அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மாடியில், மழைக்காலத்தில் துளசித் தொட்டியின் மண்ணை மாற்றியபோது, கொட்டிய மண்ணிலிருந்து கருநூல்போல ஒன்று நெளிந்து வந்தது. பக்கத்து வீட்டு அக்கா அதை நாகக்குட்டி என்று அஞ்சினார். வெள்ளைத் தட்டில் ஏந்திக் காட்டிய பிறகே, அது புழுப்பாம்பு என்பதை ஒப்புக்கொண்டார். மண்புழுவுக்கு உடலெங்கும் வளையங்கள் இருக்கும். இதற்கோ பளபளக்கும் நுண்செதில்கள், அவ்வப்போது வெளியே எட்டிப் பார்க்கும் நாக்கு, செதிலுக்கடியில் புள்ளியாய்த் தெரியும் கண்கள். வாலின் நுனியில் உள்ள சிறு முள், கையில் எடுத்தால் தோலில் லேசாக அழுந்தும். அதைக் கொடுக்கு என்று எண்ணி அடித்துக் கொல்வோர் பலர். ஆனால் அதில் நஞ்சு துளியும் இல்லை.

எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டைகளும் இளம்புழுக்களுமே இதன் முதன்மை உணவு. வளர்ந்த கறையானைப் பிடித்தால், சில வேளைகளில் அதன் உடலைத் தரையில் தேய்த்துத் தலையை முறித்துவிட்டு மீதியை விழுங்குவதை 2015இல் வெளியான ஓர் ஆய்வு பதிவுசெய்தது. கறையானின் தலை எளிதில் செரிப்பதில்லை.

என்னைப் பெரிதும் வியக்கவைப்பது இதன் இனப்பெருக்கமே. முழுக்கப் பெண்களால் மட்டுமே ஆன பாம்பினம் என்று அறியப்பட்டிருப்பது இது ஒன்றுதான். மற்றப் பாம்புகளின் உயிரணுக்களில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிகளாக இருக்க, இதற்கு மூன்று தொகுதிகளாக மொத்தம் 42 உள்ளன. மூன்று தொகுதிகளைச் சரிபாதியாகப் பங்கிட முடியாது என்பதால், பாதியைத் தாயும் பாதியைத் தந்தையும் தரும் வழக்கமான முறை இங்கே செல்லாது. தாயின் முட்டை ஆணின் துணையின்றியே கருவாக வளர்கிறது; பிறக்கும் மகள்கள் ஏறத்தாழத் தாயின் நகல்கள்.

ஆகவே, புதிய ஊரில் குடியேற இதற்கு ஓர் இணை தேவையில்லை. ஒரு தொட்டி மண்ணும் அதில் ஒரேயொரு பாம்பும் போதும். ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட இவ்வினம், நாற்றுகளின் வேர்மண்ணோடு பயணம் செய்து, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று பரவியது. நிலப்பாம்பே இல்லாதிருந்த ஹவாய்த் தீவுகளுக்கும், பிலிப்பைன்ஸிலிருந்து வந்த செடிகளின் மண்ணோடு 1930 வாக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது.

அச்சம் நீங்கிய அக்கா, பழைய மண்ணில் பாதியைத் தம் ரோஜாத் தொட்டிக்கு வாங்கிக்கொண்டார். தட்டிலிருந்த பாம்பையும் அந்த ஈரமண்ணிலேயே விட்டோம். தலையை நுழைத்த சில நொடிகளில் அது மறைந்துவிட்டது.