சுருள்வில்: காருக்கு அடியில் கிடக்கும் பழைய சொல்

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு போர்ச்சில் வைத்துத்தான் எங்கள் மைவி காரின் முன்பக்க ஸ்பிரிங்கையும், அதன் ஆட்டத்தை அடக்கும் எப்சோர்பரையும் மாற்றினோம். பத்து வருடமாகச் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடிய வண்டி. குழியில் இறங்கினால் 'டொக்' என்று சத்தம். முன்மூடியை அழுத்திவிட்டால் மூன்று நான்கு முறை ஆடிவிட்டுத்தான் நிற்கும். ஒத்தாசைக்கு அக்கா மகன் வந்திருந்தான், ஐந்தாம் படிவம் படிக்கிறவன். சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே குலுக்கலைத் தாங்கும் இந்த அமைப்பைக் காட்டி, "சஸ்பென்ஷனுக்குத் தமிழ்ல என்ன மாமா?" என்று கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் கைப்பேசியில் தேடி, "இடைநீக்கம்னு போட்டிருக்கே" என்றான்.

இடைநீக்கம் என்பது வேலையிலிருந்து ஒருவரைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் வந்த குழப்பம் இது. காரின் அடியில் யாரும் யாரையும் நீக்கவில்லை. அன்று மாலை முழுக்க அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்பிரிங்கிலிருந்தே தொடங்குகிறேன். ஆங்கிலத்தில் அது 'துள்ளு', 'பாய்ந்து எழு' என்ற வினையிலிருந்து வந்தது. ஊற்றுக்கும் வசந்த காலத்துக்கும் அதே சொல்தான். மண்ணிலிருந்து எழுவது, தளிர் எழுவது என்ற பொருளில். நாமோ துள்ளலைப் பார்த்துப் பெயர் வைக்கவில்லை. வளைந்து நின்று விசையைப் பிடித்து வைத்திருக்கும் பொருளைப் பார்த்து 'வில்' என்றோம். பாட்டி சொன்ன ஊர்க்கதைகளில் மாப்பிள்ளை வில்வண்டியில் வருவார். வண்டியில் எதற்கு வில் என்று சின்ன வயதில் எனக்குப் புரிந்ததில்லை. அடியில் வளைந்த இரும்புப் பட்டைகள் தாங்கி நிற்கும் மாட்டுவண்டிதான் வில்வண்டி. மோட்டார் வண்டியின் ஸ்பிரிங்குக்குப் புதிதாகச் சொல் தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை, மாட்டுவண்டியிலேயே அது கிடந்தது.

தமிழ்நாட்டு லாரிப் பட்டறைகளில் அதே பட்டையைக் 'கமான் பட்டை' என்பார்கள். கமான் என்பது பாரசீகச் சொல், அதற்கும் வில் என்றே பொருள். மலாய்க்காரர்கள் பட்டைகளை இலையாகப் பார்த்து 'ஸ்பிரிங் டாவுன்' என்கிறார்கள். தோட்டத்து லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தால் மூன்று பெயரும் பொருந்துவது தெரியும். நான் பட்டைவில் என்பேன்.

காரின் முன்பக்கம் இருப்பது சுருண்ட கம்பி. அதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வைத்த பெயர் சுருள்வில். இலங்கையில் ஸ்பிரிங் தராசை விற்றராசு என்றே சொல்லிவிட்டார்கள், வில்லும் தராசும் புணர்ந்த அழகான சொல். சுருள் கம்பி வில் போல வளைவதில்லையே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சுருளை அழுத்தும்போது அந்தக் கம்பி முறுக்கப்படுகிறது. முறுக்கினாலும் வளைத்தாலும் இரும்பு தன் பழைய வடிவத்துக்குத் திரும்பத் துடிக்கிறது. அந்தத் துடிப்புக்குத்தான் வில் என்று பெயர்.

வள்ளுவர் 827ஆம் குறளில் 'சொல்வணக்கம் ஒன்னார்கண் கொள்ளற்க வில்வணக்கம் தீங்கு குறித்தமை யான்' என்கிறார். வில் வளைந்து நின்றால் அது பணிவில்லை, தீங்கு வரப்போகிறது என்று பொருள். இந்த வேலையைச் செய்கிற யாரும் மனத்தில் வைக்க வேண்டிய குறள் இது. சக்கரத்தைக் கழற்றி, பிரேக் குழாயின் பிடியை விடுவித்து, கீழே இரண்டு போல்ட், மேலே நட்டுகள் என்று அவிழ்த்தால் சுருள்வில்லும் எப்சோர்பரும் சேர்ந்த முழுத் தொகுப்பும் கையோடு வந்துவிடும். அப்போதும் சுருள்வில் மேலும் கீழும் உள்ள தட்டுகளுக்கு, அதாவது தன் இருக்கைகளுக்கு நடுவே அழுந்தித்தான் இருக்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது உச்சியில் உள்ள நடு நட்டு ஒன்றுதான். மருமகன் அந்த நட்டில்தான் முதலில் ஸ்பேனரை வைத்தான். "டேய், வில்லு நாண்ல நிக்குது!" என்றேன். கையை எடுத்துவிட்டான்.

ஒரு மில்லிமீட்டர் அழுத்த 20 நியூட்டன் விசை கேட்கும் சுருள்வில்லை 150 மில்லிமீட்டர் அழுத்தினால் 3,000 நியூட்டன், ஏறத்தாழ 300 கிலோ எடை அதற்குள் அடைபட்டிருக்கும். விடுபட்டால் வெளிவரும் ஆற்றல் 225 ஜூல். பத்துக் கிலோ அரிசி மூட்டை ஆளுயரத்துக்கு மேலிருந்து தலையில் விழுவது போல. அதனால் எதிரெதிர்ப் பக்கங்களில் சுருளை அழுத்திப் பிடிக்கும் இரண்டு கம்ப்ரெசர்களை மாட்டி, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சமாக முறுக்கி, சுருள் இருக்கையை விட்டுத் தளர்ந்த பிறகுதான் நடு நட்டைத் தொட வேண்டும். வண்டியும் ஜாக்கை மட்டும் நம்பி நிற்கக் கூடாது, ஸ்டேண்டில் உட்கார வேண்டும்.

சஸ்பென்ஷன் என்பது இலத்தீனில் 'தொங்கவிடு' என்ற வினையிலிருந்து வந்தது. பழைய குதிரை வண்டிகளில் பயணப் பெட்டியைத் தோல்வார்களால் தொங்கவிட்டார்கள், பெயர் அங்கிருந்து வந்தது. சிலர் எழுதும் 'தொங்கல் அமைப்பு' அந்த வரலாற்றுக்கு உண்மையானது. ஆனால் இன்றைய காரில் உடல் தொங்கவில்லை, வில்லின்மேல் உட்கார்ந்திருக்கிறது. தாங்கமைப்பு என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

எப்சோர்பர் என்ற பெயரில் ஒரு பிழை உண்டு. அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது வில். வில் பிறகு ஆடிக்கொண்டே இருக்குமே, அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் எப்சோர்பரின் வேலை. உள்ளே எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு போகிறது, ஆட்டம் வெப்பமாகித் தீர்கிறது. அதனால் அதிர்வுதாங்கி என்பதை விட அலைவடக்கி என்பது மேல். எங்கள் வண்டியில் அதுதான் எண்ணெய் கசிந்து செத்திருந்தது.

வில்லும் எப்சோர்பரும் சேர்ந்த அந்தத் தொகுப்பை ஸ்ட்ரட் என்பார்கள், அது கட்டடக்காரர்களின் சொல். அழுத்தத்தைத் தாங்கி எதிர்த்து நிற்கும் கம்பு. நம்மிடம் முட்டு இருக்கிறது. வாழை குலை தள்ளியதும் சாயாமல் இருக்கக் கவைக்கம்பால் முட்டுக்கொடுக்கிறோமே, அதே முட்டு. ஏர்ல் மெக்பெர்சன் என்ற பொறியாளர் வடிவமைத்த அமைப்பு 1950இல் இங்கிலாந்தின் ஃபோர்ட் கான்சல், செஃபிர் கார்களில் வந்தது. வில், அலைவடக்கி, சக்கரம் திரும்பும் அச்சு ஆகிய மூன்றும் ஒரே தண்டில். மைவியின் முன்பக்கமும் அதுவே. முட்டுக்கால் என்று சொல்லிப் பாருங்கள், காரின் தோளைத் தாங்கி நிற்கும் கால் கண்ணுக்குத் தெரியும்.

மவுன்டிங், புஷ் போன்ற சிறு பாகங்களுக்கு நான் சொல் தேடவில்லை. உதிரிப்பாகக் கடையில் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், எப்சோர்பர் என்றுதான் கேட்டேன், அங்கே அதுதான் நடக்கும். இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்றினோம், வில்லின் நுனி இருக்கையின் படியில் சரியாக முட்டுகிறதா என்று இருமுறை பார்த்தோம், மறுநாள் சக்கரங்களை நேர்ப்படுத்த அலைன்மென்ட்டுக்கு விட்டோம். கழற்றியவற்றைப் புதுச் சாமான் வந்த பெட்டியிலேயே போட்டு மூடினான் மருமகன். பெட்டியின் மேல் மார்க்கரால் எழுதியிருந்தான்: பழைய வில் 2, முட்டுக்கால் 2.