மாடி டேங்க் வால்வைக் கடைசியாகத் திருகியது எப்போது?

வாஷ்பேசினுக்கு அடியில் இருக்கும் கனெக்‌ஷன் ஹோஸ் நள்ளிரவில் வெடிக்கிறது. ஹோஸுக்குத் தண்ணீர் விடும் சுவர் வால்வான ஆங்கிள் காக்கைத் திருகினால் பிடிமானம் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மொட்டை மாடிக்கு ஓடினால் கேட் வால்வின் சக்கரம் அசையவே மாட்டேன் என்கிறது, பலம் கொடுத்தால் தண்டு முறிகிறது. இனி 1000 லிட்டரும் வீட்டுக்குள் இறங்கித் தீரும்வரை வாளியோடு நிற்க வேண்டியதுதான். ஹோஸ் மலிவான சாமான். மர அலமாரியையும் கட்டிலையும் நாசமாக்குவது அந்த மூடாத வால்வு.

போர் தண்ணீரில் இருக்கும் உப்பு வால்வின் மரையில் படிந்து இறுகிவிடுகிறது. மாதம் ஒருமுறை எல்லா வால்வுகளையும் முழுதாக மூடி, முழுதாகத் திறங்கள். திறந்தபின் கால் சுற்று திருப்பி விட்டால் தண்டு சிக்கிக்கொள்ளாது. தண்ணீர் வேகத்தைக் குறைக்க கேட் வால்வைப் பாதி மூடி வைக்கும் வழக்கம் தவறு. உள்ளே இருக்கும் தகடு ஓட்டத்தில் அதிர்ந்து தேய்ந்து, அவசரத்துக்கு மூடும்போது அடைக்காது. மாற்றும் வேளை வந்தால் கால் திருப்பில் மூடும் பால் வால்வு போடுங்கள். எது சமையலறை லைன், எது பாத்ரூம் லைன் என்று பக்கத்துச் சுவரில் பெயிண்டால் எழுதி வைத்தால் வீட்டில் யார் வேண்டுமானாலும் மூடலாம்.

வால்வுகள் வேலை செய்தால் கசிவையும் நீங்களே கண்டுபிடிக்கலாம். இரவு மோட்டாரை நிறுத்தி, குழாய்களை எல்லாம் மூடி, டேங்க்குக்குள் குச்சி விட்டு நனைந்த உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில், யாரும் குழாயைத் திறக்கும் முன் மறுபடி பாருங்கள். இறங்கியிருந்தால் மறுநாள் இரவு ஒரு லைனை மட்டும் மூடிவிட்டுப் பாருங்கள். எந்த லைனை மூடிய இரவில் மட்டம் அப்படியே நிற்கிறதோ, கசிவு அந்த லைனில்தான். சுவரைக் கண்ட இடத்தில் கொத்த வேண்டியதில்லை.

வினாடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய் ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல் வீணாக்கும். ஆனால் 1000 லிட்டர் டேங்க்கில் ஒரே இரவில் அது குச்சியில் தெரியாது. குச்சியில் தெரியும் அளவுக்கு இறங்கினால் முதலில் ஃபிளஷ் டேங்க்கைச் சந்தேகப்படுங்கள். அதில் சில துளி சொட்டு நீலம் விட்டு, அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் விட்டுப் பாருங்கள். டாய்லெட்டில் நீலம் வந்தால், ஃபிளஷ் டேங்க்கின் அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கலாம். அல்லது, நிறைந்ததும் தண்ணீரை நிறுத்த வேண்டிய மிதவையான ஃப்ளோட் சரியாக மூடாமல் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கலாம். டேங்க்கில் தண்ணீர் அந்தக் குழாயின் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே நிற்க வேண்டும்.

குழாய் சொட்டினால் இன்னும் இறுக்கித் திருகாதீர்கள், அது வாஷரைத்தான் நசுக்கும். கைப்பிடியோடு சுற்றும் உள்தண்டான ஸ்பிண்டிலைக் கழற்றிக் கடைக்கே கொண்டுபோய், அதே பல் எண்ணிக்கையில் வாங்குங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பல் மாறும். டெஃப்லான் டேப்பை, மரையின் முனை உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் திசையில் இழுத்துச் சுற்றுங்கள். திசை மாறினால் குழாயை ஏற்றும்போதே டேப் உருண்டு வெளியே வந்துவிடும். நம் கடைகளில் கிடைக்கும் மெல்லிய டேப்புக்குப் பத்துச் சுற்றாவது வேண்டும்.

குழாய் முனைச் சல்லடையில் உப்பு அடைத்தால் வினிகரில் அரை மணி நேரம் ஊற வைத்துத் தேய்த்தால் போதும். ஆசிட் குரோம் பூச்சைத் தின்றுவிடும். ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. சிங்க் அடைப்புக்குக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம், பிவிசி குழாய் இளகிவிடும். கீழே உள்ள பாட்டில் ட்ராப்பைக் கையால் திருகிக் கழற்றுங்கள், எண்ணெய்ப் பிசுக்கும் சோறும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

சொட்டட்டும் என்று விட வேண்டிய வால்வும் ஒன்று உண்டு. கீசர் சூடாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் விரிகிறது, மிஞ்சிய அழுத்தம் அதன் சேஃப்டி வால்வு வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியேறுகிறது. எம்-சீல் வைத்தோ மூடி போட்டோ அதை அடைத்துவிட்டால் கீசர் வெடிக்கக்கூடும். வாயை அடைக்காமல் ஒரு சிறு டியூப் மாட்டி, தரையில் தண்ணீர் போகும் துளைவரை இறக்கி விடுங்கள். கீசர் அணைந்து ஆறிய பிறகும் விடாமல் ஒழுகினால் மட்டும் வால்வை மாற்றச் சொல்லுங்கள்.