வீரத்துக்கு ஒரு விருது, சேவைக்கு ஒரு விருது: ராணுவப் பதக்கங்களும் அவற்றோடு வரும் உரிமைகளும்

லெப்டினன்ட் ஜெனரல் ஜோராவர் சந்த் பக்‌ஷியின் பெயருக்குப் பின்னால் பிவிஎஸ்எம், எம்விசி, விஆர்சி, விஎஸ்எம் என்று நான்கு சுருக்கெழுத்துகள் வரும். 1947-48 காஷ்மீர்ப் போரில் வீர் சக்ரா (விஆர்சி) பெற்றார். 1965இல் ஹாஜி பீர் கணவாயைப் பிடித்த படைக்குத் தலைமை தாங்கியதற்காக மகாவீர் சக்ரா (எம்விசி) பெற்றார். இவை இரண்டும் எதிரிக்கு முன்னால் காட்டிய வீரத்துக்கு. பரம் விசிஷ்ட சேவா (பிவிஎஸ்எம்), விசிஷ்ட சேவா (விஎஸ்எம்) பதக்கங்கள் இரண்டும் பணியில் காட்டிய சிறப்புக்கு.

பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே பதக்க வரிசைதான். ஆனால் மாதப் படி, ஓய்வூதியத்துக்கு வரி விலக்கு, ரயில் பாஸ் போன்ற உரிமைகள் வீர விருதுகளுக்கு மட்டுமே உண்டு. அதனால் வீட்டில் இருக்கும் பதக்கம் எந்த வகை என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

வீர விருதுகளில் இரண்டு வரிசைகள் உள்ளன. பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா மூன்றும் 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்டன. ஆனால் 1947 ஆகஸ்ட் 15 முதலே செல்லும் என்று அறிவித்ததால், முதல் காஷ்மீர்ப் போரில் சண்டையிட்டவர்களும் இவற்றைப் பெற முடிந்தது. தரையிலோ கடலிலோ வானிலோ, எதிரியின் முன்னிலையில் காட்டிய வீரத்துக்கு இவை. இன்னொரு வரிசை 1952இல் வந்தது. முதலில் அசோக சக்ரா முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று இருந்தவை, 1967 முதல் அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா என்று பெயர் பெற்றன. போர்க்கள எதிரி அல்லாத சூழலில் காட்டிய வீரத்துக்கு இவை தரப்படும். சீருடை அணியாத பொதுமக்களும் இவற்றைப் பெறலாம்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். போர் என்று அரசு அறிவித்திருந்தால்தான் முதல் வரிசை கிடைக்கும் என்று நினைப்பது சரியல்ல. நம் தமிழ் வீரர்களின் விருதுகளை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் அமைதிப்படைப் பணியில், மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் எதிராளியின் துப்பாக்கியைப் பறித்துச் சண்டையிட்டு உயிர்நீத்தார். இந்தியா எந்த நாட்டின் மீதும் போர் அறிவிக்காத காலம் அது. ஆனாலும் அவருக்கு பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. 2020 ஜூன் 15 இரவு கல்வானில் சீனப் படையினருடன் நடந்த மோதலில் உயிரிழந்த ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனிக்கு வீர் சக்ரா கிடைத்தது. கார்கிலில் படாலிக் பகுதியில் 1999இல் வீழ்ந்த திருச்சி மேஜர் சரவணனுக்கும் அதே விருதுதான். ஆனால் 2014 ஏப்ரலில் காஷ்மீரின் ஷோபியானில் பயங்கரவாதிகளோடு நடந்த சண்டையில் உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்குக் கிடைத்தது அசோக சக்ரா. நான்கு பேரும் உயிரைத்தான் கொடுத்தார்கள். எந்தச் சூழலில், யாரை எதிர்த்து நின்றார்கள் என்பதை வைத்து வரிசை மாறுகிறது, அவ்வளவுதான். அசோக சக்ராவை "அமைதிக்கால விருது" என்று சொல்வதைக் கேட்டு, அது ஏதோ ஒரு படி கீழே என்று எண்ணிவிடக் கூடாது. முன்னுரிமைப் பட்டியலில் அது பரம்வீர் சக்ராவுக்கு அடுத்து, மகாவீர் சக்ராவுக்கு மேலே இருக்கிறது. அதன் பிறகு கீர்த்தி சக்ரா, வீர் சக்ரா, சௌர்ய சக்ரா.

இந்த ஆறுக்குக் கீழே சேனா பதக்கம் வருகிறது. கடற்படைக்கு நௌ சேனா, விமானப்படைக்கு வாயு சேனா. ஒரே பதக்கத்தை வீரத்துக்கும் தருகிறார்கள், சிறந்த பணிக்கும் தருகிறார்கள். பணப் பயன் வீரத்துக்காகத் தரப்பட்டதற்கு மட்டும்தான். பதக்கத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. அரசிதழ் அறிவிப்பையோ விருது ஆணையையோதான் பார்க்க வேண்டும்.

சேவை விருதுகளில் பரம் விசிஷ்ட, அதி விசிஷ்ட, விசிஷ்ட சேவா பதக்கங்கள் 1960இல் வந்தவை. போர், மோதல் காலங்களில் செய்த சிறந்த பணிக்கு என்று 1980இல் சர்வோத்தம் யுத்த சேவா, உத்தம் யுத்த சேவா, யுத்த சேவா பதக்கங்கள் சேர்ந்தன. 2025இல் ஆபரேஷன் சிந்தூருக்காகவும் இவற்றை அறிவித்தார்கள். இவை போக, 1971 போரில் கிழக்கு முனையில் பணியாற்றியவர்களுக்கு பூர்வி ஸ்டார், மேற்கு முனைக்கு பச்சிமி ஸ்டார், சியாச்சின் பதக்கம், 20 ஆண்டு, 30 ஆண்டு நீள்பணிப் பதக்கம் எல்லாம் இருக்கின்றன. எதிரியின் தாக்குதலில் காயம்பட்டவருக்கு பராக்ரம் பதக். தொழில்முறை அதிகாரி ஒருவரின் மார்பில் பத்துப் பன்னிரண்டு பதக்கங்கள் தொங்குவதற்குப் பெரும்பாலும் இவைதான் காரணம்.

சரி, பணத்துக்கு வருவோம். 2017 ஆகஸ்ட் 1 முதல் மத்திய அரசு வீர விருதுகளின் மாதப் படியை இரட்டிப்பாக்கியது. அந்த ஆணைப்படி பரம்வீர் சக்ராவுக்கு ரூ.20,000, அசோக சக்ராவுக்கு ரூ.12,000, மகாவீர் சக்ராவுக்கு ரூ.10,000, கீர்த்தி சக்ராவுக்கு ரூ.9,000, வீர் சக்ராவுக்கு ரூ.7,000, சௌர்ய சக்ராவுக்கு ரூ.6,000, வீரத்துக்கான சேனா பதக்கத்துக்கு ரூ.2,000. சிப்பாயோ ஜெனரலோ, தொகை ஒன்றுதான். இந்த விதியில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான். வீரச் செயல் நடந்த நாளிலிருந்தே படி கணக்கிடப்படும், விருது அறிவித்த நாளிலிருந்து அல்ல. அதே விருதை இரண்டாவது முறை பெற்றால் புதிய பதக்கத்துக்குப் பதில் ரிப்பனில் ஒரு பட்டை சேர்ப்பார்கள். அதற்கும் அதே தொகை தனியாக உண்டு.

விருது பெற்றவர் இறந்தாலும் படி நிற்காது, மனைவிக்குத் தொடரும். முன்பு ஒரு மோசமான நிபந்தனை இருந்தது. மறுமணம் செய்தால் படி போய்விடும்; இறந்தவரின் சகோதரரை மணந்தால் மட்டும் தொடரும். கணவரை இழந்த பெண் யாரை மணக்க வேண்டும் என்று அரசு விதி சொல்வது எந்த வகையிலும் நியாயமில்லை. 2017 நவம்பரில் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டார்கள். அதற்கு முன் மறுமணத்தால் படி நின்றுபோன குடும்பம் உங்களுக்குத் தெரிந்திருந்தால், தயவுசெய்து இதை அவர்களிடம் சொல்லுங்கள். திருமணமாகாத வீரருக்கு மறைவுக்குப் பின் விருது தரப்பட்டால், படி பெற்றோருக்குப் போகும்.

அடுத்தது வருமான வரி. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 10(18) பிரிவில், வீர விருது பெற்றவரின் ஓய்வூதியத்துக்கும் அவர் குடும்பத்தின் குடும்ப ஓய்வூதியத்துக்கும் முழு விலக்கு தந்தது. ஓய்வூதியத்துக்கு மட்டும்தான் இது. வங்கி வட்டி, வாடகை, ஓய்வுக்குப் பின் பார்க்கும் வேலையின் சம்பளம் ஆகியவற்றுக்கு வழக்கம்போல வரி உண்டு. சக்ரா விருதுகள் பெற்றவர்களுக்கும் அவர்களை இழந்த மனைவியருக்கும் ரயிலில் துணையாள் ஒருவரோடு முதல் வகுப்பிலோ இரண்டடுக்கு ஏசியிலோ போக இலவச பாஸ் உண்டு.

மாநில அரசுகள் தனியாகப் பரிசுத் தொகை தருகின்றன. மாநிலத்துக்கு மாநிலம் தொகை வேறுபடும், அடிக்கடி மாறவும் செய்யும். தமிழ்நாட்டில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் இப்போதைய ஆணையைச் சொல்வார்கள்.

பாரத ரத்னா, பத்ம விருதுகளைப் பெயரோடு சேர்த்து எழுதக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் பாலாஜி ராகவன் வழக்கில் சொன்னது. ராணுவ விருதுகளுக்கு அந்தத் தடை இல்லை. அரசியலமைப்பின் 18ஆவது பிரிவே பட்டங்களை ஒழிக்கும்போது ராணுவச் சிறப்புகளையும் கல்விச் சிறப்புகளையும் விட்டுவைத்திருக்கிறது. பழைய அதிகாரியின் வீட்டு வாசல் பலகையில் விஆர்சி என்று இருந்தால் அது அவருடைய உரிமை.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள் அதிகமில்லை: விருது அறிவித்த அரசிதழின் நகல், விருது ஆணை, ஓய்வூதிய ஆணை. விருது பெற்றவர் மறைந்திருந்தால் இறப்புச் சான்றிதழும் சேர்த்து வையுங்கள். அரசிதழ் நகல் தொலைந்துபோயிருந்தால், அவர் பணியாற்றிய ரெஜிமென்டின் ரெக்கார்ட் ஆபீஸுக்குப் படை எண்ணையும் பெயரையும் குறிப்பிட்டுக் கடிதம் எழுதுங்கள். அவர் அதிகாரியாக இருந்திருந்தால் டெல்லியிலுள்ள ராணுவத் தலைமையகத்துக்கு எழுத வேண்டும்.