என்ஜினை மாற்றுவதற்கு முன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

சென்ற மாதம் ஒரு தம்பி தன் பழைய ஹோண்டா சிட்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். 1.5 லிட்டர் வீடெக். கம்பெனியில் பொருத்திய அதே என்ஜின். 402 மீட்டர் நேர்த்தடத்தை யார் குறைந்த நேரத்தில் கடக்கிறார்கள் என்று பார்க்கும் டிராக் (drag) பந்தயத்துக்காகத் தயார் செய்த வண்டி, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் மூன்றாவது கியரில் புகை கக்கி நின்றுவிட்டது. வண்டியை உள்ளே தள்ளி நிறுத்தியதும் கேட்டார்: "அண்ணா, இதையே பலப்படுத்தலாமா, இல்லை வேறு என்ஜின் போட்டுவிடலாமா?"

பதில் சொல்வதற்கு முன் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வெள்ளைத் துணியின்மேல் வரிசையாக வைத்தேன். மூன்றாவது சிலிண்டரின் பிளக்கில், பீங்கான் முனை முழுக்க மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள். லென்ஸை வைத்துப் பார்க்கச் சொன்னேன். புள்ளிகளுக்கு நடுவே ஊசிமுனை அளவில் வெள்ளி உருண்டைகள் மின்னின. அது பிஸ்டனின் அலுமினியம். நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருள் கலவை தாறுமாறாக வெடிப்பது, அடித்து அடித்துப் பிஸ்டனின் தலை உருகிப் பிளக்கில் தெறித்திருக்கிறது. பிஸ்டனை வெளியே எடுத்தபோது முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் இடையிலுள்ள வரம்பு நகத்தளவு பெயர்ந்து கையோடு வந்தது.

என்ஜினுக்கு வலிமை போதாமல் இது நடக்கவில்லை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஆக்டேனை, அதாவது நாக்கிங்கைத் தாங்கும் திறனை, உயர்த்தும் என்று நம்பி இக்னிஷன் டைமிங்கை (பிளக் தீப்பொறி விடும் நேரத்தை) முன்னே தள்ளியிருக்கிறார்கள். ஆனால் எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே அளவு காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் தேவை, அதைக் கூட்டவில்லை. கலவையில் எரிபொருள் குறைந்து, சூடு ஏறி, பிஸ்டன் போயிற்று. இதே கையால் இருநூறு குதிரைத்திறன் என்ஜினைப் பொருத்தி டியூன் செய்திருந்தால் அதுவும் இதே வழியில்தான் போயிருக்கும். பட்டறைக்கு வருபவர்களிடம் நான் மன்றாடிச் சொல்வது இதைத்தான்: இருக்கிற என்ஜின் ஏன் போனது என்று தெரியாமல் அடுத்த என்ஜினுக்குப் பணம் கட்டாதீர்கள்.

காரணம் தெரிந்த பிறகு அடுத்த கேள்வி, 402 மீட்டரை எத்தனை வினாடியில் கடக்க வேண்டும் என்பது. பலர் குதிரைத்திறனில் பேசுகிறார்கள். வினாடியில் பேசினால்தான் செலவு தெளிவாகும். வண்டியின் எடையைக் குதிரைத்திறனால் வகுத்து வரும் எண்ணின் கனமூலத்தைப் பொறுத்தே நேரம் அமைகிறது. அதாவது திறனை 10 சதவீதம் கூட்டினால் நேரம் 3 சதவீதம்தான் குறையும். இந்த சிட்டியின் என்ஜின் 106 குதிரைத்திறன். ஓட்டுபவரோடு சேர்த்து 1,080 கிலோ என்று வைத்தால் கணக்குப்படி ஏறத்தாழ 16.4 வினாடி. 15.5-க்கு வர 125 குதிரைத்திறன் போதும். 14-க்கு 170 வேண்டும். 13-க்கு 213, அதாவது இரண்டு மடங்கு. ஐம்பது கிலோவைக் கழற்றி எறிந்தாலே கால் வினாடி கிடைக்கும். அதற்குப் பெரிய செலவும் இல்லை.

15.5 போதும் என்பவர் என்ஜினை மாற்ற வேண்டியதே இல்லை. ஹெட் வேலை, கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), எக்ஸாஸ்ட், ஒழுங்கான டியூனிங் ஆகியவற்றிலேயே அந்த எண் கிடைக்கும். ஆனால் அடித்தளம் நன்றாக இருக்க வேண்டும். சிலிண்டருக்குள் காற்றை அடைத்து எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக்-டவுன் சோதனையில் கசிவு 10 சதவீதத்துக்குள் இருந்தால் மகிழ்ச்சி. 20-ஐத் தாண்டினால் அந்த என்ஜினின்மேல் ஒரு கேம் ஷாஃப்ட்கூட வாங்கி வைக்காதீர்கள். ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்புத் தாளை விரித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். தாளில் உலோகத் துகள் மினுமினுத்தால் பேரிங் தேய்கிறது என்று பொருள்.

14 வினாடிக்கு ஆசைப்படும்போதுதான் உண்மையான முடிவு வருகிறது. இங்கே இரண்டு ஆபத்துகளைப் பிரித்தறிய வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தத்தைக் கூட்டினால் அடி வாங்குவது பிஸ்டனும் ஹெட் கேஸ்கெட்டும். சுழற்சியைக் கூட்டினால் அடி வாங்குவது பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட். ராட்டின்மேல் விழும் இழுவிசை சுழற்சி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்: 6,500-லிருந்து 7,500 ஆர்.பி.எம்-க்குப் போனால் 33 சதவீதம் கூடுதல். இந்த 1.5 என்ஜினின் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம்) 84.5 மில்லிமீட்டர், நீளமானது. அதனால் இதை உயரச் சுழற்றிப் பலன் பார்க்க முடியாது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ வைப்பதே பொருத்தம். அப்படியானால் ஃபோர்ஜ்டு (அடித்து வார்த்தெடுக்காமல் உருவாக்கிய வலுவான) பிஸ்டன், ராட், அகலமான ரிங் இடைவெளி எல்லாம் சேர்த்துக் கணக்கிடுங்கள். சாதாரண என்ஜினில் 100 மில்லிமீட்டர் போருக்கு (சிலிண்டரின் விட்டத்துக்கு) 0.4 மில்லிமீட்டர் ரிங் இடைவெளி வைப்போம், டர்போவுக்கு 0.5 முதல் 0.6 வரை. இந்த நூலிழையை விட்டுவிட்டால் சூட்டில் ரிங்கின் முனைகள் முட்டி, பிஸ்டனையே பிளந்துவிடும்.

மாற்றுவதானால் ஹோண்டாவின் பி16ஏ நல்ல என்ஜின். 77.4 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். 8,000-க்கு மேலும் அலட்டிக்கொள்ளாமல் சுழலும். ஆனால் என்ஜினோடு கியர்பாக்ஸ், மவுன்ட், டிரைவ் ஷாஃப்ட், வயரிங், இ.சி.யு. (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எல்லாம் வரும். ஹோண்டாவின் பிந்தைய கே20 என்ஜின் மீது ஆசை என்றால் இன்னொரு சங்கதி: அது பழைய ஹோண்டா என்ஜின்களுக்கு எதிர்த்திசையில் சுழல்வது, கியர்பாக்ஸும் மறுபக்கம் போய்விடும். என்ஜின் விலையை மட்டும் பார்த்துக் கிளம்பி, பாதியில் பணம் தீர்ந்து, பானெட் இல்லாமல் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் வண்டிகள் என் பட்டறைக்குப் பின்னாலேயே இரண்டு நிற்கின்றன. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் மனம் கனக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். வண்டி சாலையிலும் ஓடுகிறது என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவுப்படி பதிவு அலுவலரின் அனுமதி இல்லாமல் என்ஜினை மாற்றக் கூடாது. ஆர்.சி. புத்தகத்தில் ஏறாத என்ஜினோடு விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரரிடம் என்ன சொல்வீர்கள்?

தம்பியின் சிட்டி 15.5-க்குத்தான் போகிறது. மற்ற மூன்று சிலிண்டர்களின் கசிவு 8 சதவீதத்துக்குள் இருந்தது. கிராங்க்கில் கீறல் இல்லை. புதிய பிஸ்டன், ரிங், பேரிங் போட்டுவிட்டு, என்ஜின் மாற்ற ஒதுக்கியிருந்த பணத்தில் நல்ல டயரும் கிளட்சும் காற்று-எரிபொருள் அளவைக் காட்டும் வைட்பேண்ட் ஓ2 சென்சாரும் வாங்கச் சொன்னேன். அடுத்த வாரம் என்ஜினின் திறனை அளக்கும் டைனோவில் ஏற்றுகிறோம். அன்று டியூனரின் பக்கத்திலேயே நின்று காற்று-எரிபொருள் அளவைக் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.