வயதுக்கு ஏற்ற பிரஷர் என்று ஒன்று உண்டா?

"அறுபது தாண்டியாச்சு டாக்டர், நூத்தி அறுபது இருக்கத்தானே செய்யும்?" என் கிளினிக்கில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நூறோடு வயதைக் கூட்டினால் வருவதே சரியான பிரஷர் என்ற பழைய கணக்கு இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அதை நம்பி மாத்திரையை விட்டவர்களைப் பக்கவாதத்தோடு பார்க்கும்போது மனசு கனத்துப் போகிறது.

வயதானால் பிரஷர் ஏன் ஏறுகிறது? இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் சுவரில் எலாஸ்டின் என்ற நார்ப்புரதம் இருக்கிறது. ரத்தக்குழாய் விரிந்து சுருங்க உதவுவது அதுதான். உடல் இதைப் பெரும்பாலும் கருவிலும் குழந்தைப் பருவத்திலும்தான் தயாரிக்கிறது. அப்புறம் ஆயுள் முழுக்க அந்தக் கையிருப்புதான். வருடக்கணக்கான துடிப்பில் இழைகள் அறுந்து, கொலாஜன் என்ற விறைப்பான நார்ப்புரதம் கூடுகிறது, கால்சியமும் படிகிறது. அதனால் மேல் அளவு ஏறும். ஐம்பது, அறுபது வயதுக்குப் பிறகு கீழ் அளவோ மெல்ல இறங்கும். 160/70 என்று வந்தால் "கீழே நார்மல்தானே" என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். உண்மையில் இரண்டுக்கும் நடுவே இருக்கும் அந்தப் பெரிய இடைவெளிதான் குழாய் இறுகிவிட்டதைக் காட்டுகிறது. இறுகிய குழாயில் ஒவ்வொரு துடிப்பின் வேகமும் தணியாமல் போய், மூளையிலும் சிறுநீரகத்திலும் உள்ள நுண்ணிய நாளங்களைத் தாக்குகிறது.

இது எல்லோருக்கும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. உப்புக்கும் பிரஷருக்கும் உள்ள தொடர்பைப் பல நாடுகளில் பார்த்து 1988இல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வில், கிட்டத்தட்ட உப்பே சேர்க்காமல் சாப்பிடும் பிரேசிலின் யனோமாமி பழங்குடியினரின் சராசரி மேல் அளவு 100க்கும் கீழே இருந்தது. வயதோடு அது ஏறவும் இல்லை. 2017இல் பொலிவியாவின் சிமானே மக்கள் 705 பேரை ஸ்கேன் செய்தபோது, 85 சதவீதம் பேரின் இதயத் தமனிகளில் கால்சியம் படிவே இல்லை. நாள் முழுக்க உடலுழைப்பு, புகைப்பழக்கம் மிகக் குறைவு. ஆக, வயதை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

சரி, ஏறிய பிரஷரைக் குறைத்தால் பலன் உண்டா? 2015இல் வெளியான அமெரிக்காவின் ஸ்பிரின்ட் ஆய்வில், ஐம்பது வயதுக்கு மேற்பட்ட 9,361 பேரில் ஒரு பிரிவினருக்கு மேல் அளவை 120க்குக் கீழேயும் மற்றவர்களுக்கு 140க்குக் கீழேயும் வைக்க முயன்றார்கள். முதல் பிரிவில் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்றவை சுமார் கால் பங்கு குறைந்தன. 75 வயதைத் தாண்டியவர்களுக்கும் பலன் கிடைத்தது. ஆனால் சர்க்கரை நோயாளிகளும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களும் அதில் சேர்க்கப்படவில்லை. தாழ்ந்த பிரஷரும் மயக்கமும் முதல் பிரிவில் அதிகம். அதனால் 120 என்பதை நீங்களே இலக்காக வைத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

உப்பு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று நம் தட்டில் அது சுலபமாகத் தாண்டிவிடும். சீனாவின் 600 கிராமங்களில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதம் 14 சதவீதம் குறைந்ததாக 2021இல் முடிவு வந்தது. இந்த உப்பு இங்கேயும் கிடைக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பையே குலைத்துவிடும்.

அடுத்த முறை வரும்போது வீட்டில் அளந்த அளவுகளை எழுதிக்கொண்டு வாருங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு ஒன்று, எழுந்து நின்றதும் ஒன்று. நிற்கும்போது மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கலாம்.