பார்க்கிங்ல கிடக்குற நேரத்துக்கு கணக்கு யாரு குடுப்பா?

மதுரையில லேபர் கேஸ் பாக்குற வக்கீல் நான். போன மாசம் ஒரு டூரிஸ்ட் வேன் டிரைவர் அண்ணன் வந்தாப்ல, கையில நாலா மடிச்சு ஓரம் கிழிஞ்ச ட்ரிப் ஷீட்டு. மாட்டுத்தாவணியில காலை 3 மணிக்கு பார்ட்டிய ஏத்தி கன்னியாகுமரி போயி, சன்செட் பாத்து, திரும்ப வந்து இறக்கிவிட்டப்ப ராத்திரி 11.30. ஓனர் கணக்குல வேலை நேரம் 9 மணி, ஏன்னா வண்டி ஓடுனது அம்புட்டுதான். மீதி நேரம்? "சும்மாதானப்பா நின்ன, பேட்டா குடுத்தேன்ல"ன்னுட்டாராம்.

அந்த சும்மாவ நான் மணி மணியா கேட்டேன். 10 மணிக்கு போன், பாட்டிக்கு முடியல ஏசியப் போட்டு வைங்க. அப்புறம் பைய எடுக்கணும் கதவ தொறங்க. மத்தியானம் சாப்பிட உக்காந்தா, வண்டிய சுசீந்திரத்துக்கு எடுங்கன்னு அழைப்பு, பாதி இலையில எந்திரிச்சிருக்காப்ல. இதுல எந்த நிமிஷம் அவரோடது?

2025 நவம்பர் வரைக்கும் அமல்ல இருந்த 1961 மோட்டார் போக்குவரத்து தொழிலாளர் சட்டம், 5 பேர் வேலை பாக்குற நிறுவனத்துல இருந்தே பொருந்துனது, வேலை நேரம்னா தொழிலாளி முதலாளியோட, இல்ல அவர் சேவையக் கேக்க உரிமை உள்ள வேற ஆளோட, பிடியில இருக்குற நேரம்னு சொல்லுச்சு. அந்த வேற ஆளு யாரு, வண்டி புக் பண்ண பார்ட்டிதான. அந்த சட்டத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம், அதுக்கு மேல போனா ரெட்டிப்பு சம்பளம், ஓய்வையும் சேத்து மொத்தம் 12 மணி நேரத்துக்குள்ள முடியணும்னு இருந்துச்சு.

ஓனர் தரப்பு ஒண்ணு பிடிக்கும். டெர்மினல்ல, அதாவது வண்டி போயி நிக்குற இடத்துல, வெறுமனே காத்திருக்குறது 15 நிமிஷத்துக்குள்ளன்னாதான் வேலை நேரத்துல சேரும்னு அந்த சட்டத்துலயே இருந்துச்சு, அதுக்குப் பதிலா வந்த 2020 தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் சட்டத்தொகுப்புலயும் அதே வரி வந்திருக்கு. அதனாலதான் வெயிட்டிங்னு மொட்டையா எழுதாதீங்கங்குறேன். ஏசி போட்டது, கதவ தொறந்தது, வண்டிய மாத்தி நிறுத்துனது எல்லாம் வேலை, வெறும் காத்திருப்பு இல்ல. லாட்ஜ்ல ரூம் குடுத்து, சாவிய வாங்கி வச்சுட்டு, காலைல வாப்பான்னா அது ஓய்வு, அதுக்கு ஓவர்டைம் கேக்க முடியாது.

வெளிநாட்டுல 2021ல இங்கிலாந்து சுப்ரீம் கோர்ட் உபர் டிரைவருங்க ஆப்பை ஆன் பண்ணி சவாரிக்கு ரெடியா இருக்குற நேரத்தையும் வேலை நேரம்னு ஏத்துக்கிச்சு. அந்த தீர்ப்பு நம்ம கோர்ட்ட கட்டுப்படுத்தாது, ஆனா கேக்குற கேள்வி இதேதான்.

நம்ம ஆளுங்க தோக்குறது சட்டத்துல இல்ல, ஆதாரத்துல. பார்ட்டி போன் பண்ண கால் லாக், கப்பலூர் டோல்கேட்ல பாஸ்டேக் கழிஞ்ச மெசேஜ், பார்க்கிங் ரசீது, இதெல்லாம் நேரம் பேசும். அந்த அண்ணன்கிட்ட 4 மாச ஷீட்டுதான் இருந்துச்சு, அதுக்கு முந்துனது எல்லாம் ஓனர் பீரோவுல. அதனால இன்னைக்கு ட்ரிப் முடிஞ்சு ஷீட்டை ஒப்படைக்குறதுக்கு முன்னாடியே ஒரு போட்டோ எடுத்து வீட்டம்மா போனுக்கும் அனுப்பி வச்சுருங்கண்ணே.