கன்சாஸில் ஃபெசன்ட், காடை வேட்டை: விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்

சீசன் நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை தொடங்கி ஜனவரி 31 வரை. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஃபெசன்ட் (கோழி இனக் காட்டுப் பறவை) சேவல் 4, காடை 8. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. கன்சாஸிலேயே உள்ள ஓவர்லேண்ட் பார்க்கிலிருந்தும் டெக்சாஸின் டாலஸிலிருந்தும் காரைக் கிளப்பும் நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். வேட்டைக்குக் கூப்பிடும் அமெரிக்க நண்பருக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே பெரும்பாலும் தெரியாது, ஏனென்றால் அது அவருக்கானதல்ல.

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். இதற்குள்ள விலக்குகளில் நம்மைப் போன்றவர்களுக்கு உதவுவது ஒன்றுதான்: ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். மீன்பிடி லைசென்ஸ் கணக்கில் வராது. அதிகபட்ச தண்டனை 15 ஆண்டு. 2022 வரை 10 ஆக இருந்தது. தண்டனை உறுதியானால் நாடு கடத்தவும் அது போதும்.

‘நான் வாங்கவே இல்லையே, நண்பருடையதுதானே’ என்பது பதிலாகாது. கையில் எடுத்தாலே வைத்திருந்ததாகத்தான் கணக்கு. 2019-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கே, படிப்பு நின்றுபோய் விசா தகுதியை இழந்த மாணவர் ஒருவர் ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டதில் தொடங்கியதுதான். லைசென்ஸ் வருவதற்கு முன் ‘சும்மா கை பழகிக்கொள்ள’ ரேஞ்சுக்குப் போகாதீர்கள். கிரீன் கார்டு கையில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. விண்ணப்பம் போட்டுவிட்டு வருடக்கணக்காகக் காத்திருப்பவர்கள், கார்டு வரும்வரை பழைய விசாக்காரராகவே தங்களை நினைத்துக்கொள்வது நல்லது.

ஆகவே வரிசை இப்படி: முதலில் ஹண்டர் எஜுகேஷன் (வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி) சான்றிதழ், அடுத்து வேட்டை லைசென்ஸ், அதற்குப் பிறகுதான் துப்பாக்கி. அக்டோபர் தள்ளுபடியில் துப்பாக்கியைப் பார்த்துவிட்டு மற்றதைத் தேடத் தொடங்கினால் சீசன் பாதி போய்விடும்.

1957 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் கன்சாஸில் வேட்டையாடப் பொதுவாக ஹண்டர் எஜுகேஷன் முடித்திருக்க வேண்டும். ஆகஸ்டுக்குள் முடித்துவிடுங்கள், சீசன் நெருங்க நெருங்க நேரடி வகுப்புகளில் இடம் கிடைப்பது கடினம். வகுப்பில் துப்பாக்கியைக் கையாளவோ சுடவோ சொல்வார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். டெக்சாஸில் 17 வயது நிரம்பியவர்கள் முழுவதும் ஆன்லைனிலேயே முடிக்கலாம். அந்தச் சான்றிதழை கன்சாஸ் ஏற்றுக்கொள்ளும். ஆனால் டெக்சாஸில் காசு கட்டி இந்தப் பயிற்சியை ஒரு வருடம் தள்ளிப்போடும் ‘டிஃபரல்’ எல்லை தாண்டினால் வெறும் காகிதம்.

லைசென்ஸ் வாங்குவதில் இரண்டு பள்ளங்கள். முதலாவது, கன்சாஸ்வாசிக்கான கட்டணத்துக்கு அங்கே குறைந்தது 60 நாள் நிரந்தரமாகக் குடியிருந்திருக்க வேண்டும். அலுவலகம் ஓவர்லேண்ட் பார்க்கில், வீடு மிசௌரி பக்கத்து கன்சாஸ் சிட்டியில் என்றால் நீங்கள் வெளிமாநிலத்தவர். சம்பளச் சீட்டு எங்கிருந்து வருகிறது என்று யாரும் பார்க்கப்போவதில்லை. இரண்டாவது, பட்டியலில் மலிவாக ஒரு ‘கன்ட்ரோல்டு ஷூட்டிங் ஏரியா’ லைசென்ஸ் இருக்கும். அது வளர்த்த பறவைகளைத் திறந்துவிடும் தனியார் பண்ணைகளுக்கு மட்டும். அதை வைத்துக்கொண்டு பொது வயலில் இறங்கினால் லைசென்ஸ் இல்லாமல் இறங்கியதாகத்தான் அர்த்தம்.

அடுத்தது நமக்கே உரிய தலைவலி, பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாததால் விசாவில் எஃப்.என்.யு (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்து, டிரைவிங் லைசென்ஸிலும் அதுவே முதல் பெயராக உட்கார்ந்திருக்கும். வேட்டை லைசென்ஸை ஆன்லைனில் எடுக்கும்போது ‘அசிங்கமாக இருக்கிறதே’ என்று அப்பா பெயரைச் சேர்த்துச் சரியாக எழுதிவிடாதீர்கள். துப்பாக்கிக் கடையில், வாங்குபவர் நிரப்ப வேண்டிய மத்திய அரசின் 4473 படிவத்தை நிரப்பும்போது எல்லாக் காகிதத்திலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். இல்லையென்றால் கடைக்காரர் கையை விரிப்பார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அந்தப் படிவத்தில் தற்காலிக விசாவில் வந்தவரா என்ற கேள்விக்கு ‘ஆம்’, விலக்கு உண்டா என்பதற்கும் ‘ஆம்’. முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதுவது தனிக் குற்றம். பாஸ்போர்ட், இப்போதைய ஐ-94 (நாட்டுக்குள் அனுமதித்த பதிவு) எண், வேட்டை லைசென்ஸ் நகல், இப்போதைய முகவரியுள்ள டிரைவிங் லைசென்ஸ் ஆகியவற்றோடு போங்கள். விசா நீட்டிப்பு வந்திருந்தால் புதிய ஐ-94, நீட்டிப்பை அங்கீகரித்து வரும் ஐ-797 தாளின் அடியிலேயே இருக்கும். விமான நிலையத்தில் கிடைத்த பழைய எண்ணை எழுதிவிடாதீர்கள். நீட்டிப்பு வராமல் டிரைவிங் லைசென்ஸ் காலாவதியாகிக் கிடந்தால் கடைப் பக்கம் போய்ப் பயனில்லை. ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டும், அது மூன்றாவதைக் கைகாட்டும், தாமதத்தின் விலையை மட்டும் நீங்கள் கட்டுவீர்கள்.

சீசன் முடிந்த பிறகுதான் பெரிய ஆபத்து. துப்பாக்கி அலமாரியில் இருக்கும், லைசென்ஸ் ஒரு நாள் சத்தமில்லாமல் காலாவதியாகும். மறுநாள் காலை வீட்டிலேயே குற்றவாளி. மிஞ்சிய தோட்டாப் பெட்டிக்கும் இதே கதிதான். காலாவதித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே போனில் நினைவூட்டல் வையுங்கள். வேலை போய், அதற்கான 60 நாள் அவகாசமும் முடிந்து, வேறு தகுதியும் இல்லையென்றால், வேட்டை லைசென்ஸ் செல்லுபடியானாலும் காப்பாற்றாது. அந்த விலக்கு சட்டப்படி தங்கியிருப்பவர்களுக்குத்தான். அந்த நாள் வருவதற்குள் துப்பாக்கியை லைசென்ஸ் உள்ள கடையில் விற்றுவிடுங்கள்.

வயலுக்கு வருவோம். கன்சாஸில் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தனியார் நிலத்துக்கு உரிமையாளர் அனுமதி வேண்டும். வேலிக் கம்பத்தில் ஊதா நிறம் பூசியிருந்தால் எழுத்தில் வேண்டும். யாரையும் தெரியாதவர்களுக்கு ‘வாக்-இன்’ நிலங்கள் இருக்கின்றன: தனியாரிடம் அரசு குத்தகைக்கு எடுத்தவை, பத்து லட்சம் ஏக்கருக்கு மேல், லைசென்ஸ் இருந்தால் தனிக் கட்டணம் இல்லை. நடந்துதான் போக வேண்டும், வண்டி உள்ளே போகக் கூடாது. வரைபடத்தை நம்பி வேலியைத் தாண்டாதீர்கள். பலகை எங்கே முடிகிறதோ அங்கே நிலமும் முடிகிறது.

ஃபெசன்ட் பெட்டையைச் சுடக் கூடாது. காலை வெயில் கண்ணில் அடிக்கும்போது எழும் பறவை வெறும் நிழலாகத்தான் தெரியும். கழுத்தின் வெள்ளை வளையமும் நீள வாலும் தெரியவில்லையென்றால் விட்டுவிடுங்கள். சுட்டதை அங்கேயே உரித்து, குழம்புக்குத் துண்டு போட்டு ஐஸ் பெட்டியில் அடுக்கி ஊருக்குக் கிளம்பும் பழக்கம் நம்மிடம் உண்டு. சேவல்தான் என்று காட்ட ஒவ்வொன்றிலும் ஒரு காலோ இறகோ ஒட்டியிருக்க வேண்டும். சேவலின் காலில் குதிமுள் இருக்கும், அதை விட்டுவிட்டு மீதியை உரியுங்கள். வீடு போய்ச் சேர்ந்த பிறகு வெட்டிக்கொள்ளலாம்.